கைதுக்குக் கூலி



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை ஒட்டி சுகர் லேண்ட் என்றோர் ஊர் இருக்கிறது. ஒருகாலத்தில் கரும்புக்காடு, இன்று வசதி படைத்தவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் புறநகர். 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்காக மண் தோண்டியபோது மனித எலும்பு தட்டுப்பட்டது. வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை வரவழைத்துப் பார்த்தார்கள். 95 பேரின் எலும்புகள். மிக இளையவருக்கு 14 வயது இருக்கலாம், மூத்தவருக்கு 70. அளவுக்கு மீறி உழைத்து நொந்த உடம்புகள் என்பது எலும்பிலேயே பதிந்திருந்தது.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் அடிமைகள் இல்லை. அடிமை முறை 1865-இலேயே ஒழிந்துவிட்டது. இவர்கள் அங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்டது அதற்குப் பிறகு. இவர்கள் கைதிகள். 1878-இல் டெக்சாஸ் அரசு தன்னிடமிருந்த கைதிகள் அத்தனை பேரையும் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு கரும்பு முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. நம் ஊரில் குளத்து மீனையும் புளியமரத்தையும் குத்தகைக்கு விடுவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே ஆளை விட்டார்கள். அந்த இடத்தில் கைதிகளின் இடுகாடு இருக்கிறது என்று ரெஜினால்ட் மூர் என்கிற முன்னாள் சிறைக்காவலர் பல ஆண்டுகளாக அதிகாரிகளிடம் சொல்லிவந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனம் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் மூன்று பேச்சுகள் தவறாமல் வந்துவிடும். அடிமை முறைதான் எப்போதோ முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதைக் கிளறுகிறீர்கள் என்பார் ஒருவர். இன்றைக்கும் உலகத்தில் அடிமைகள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசுங்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அதிகம் பேசமாட்டார்; சிறையில் யார் அதிகம் என்று ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து மேசையில் போடுவார். பெரும்பாலும் அத்தோடு விவாதம் முடிந்துவிடும். எண்ணுக்கு முன்னால் வாயடைத்துப்போவது நம் வழக்கம்.

அந்த மூன்றாமவருக்குத்தான் இன்றைக்கு நான் அதிக நேரம் கொடுக்கப்போகிறேன். குற்றக் கணக்கு என்பது அரசு எழுதிய கணக்கு. யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள், எதைக் குற்றம் என்றார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் உருவாகிறது. ஆகவே அதைப் படிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிடித்தவருக்கு என்ன கிடைத்தது?

1865 டிசம்பரில் அமெரிக்க அரசியலமைப்பின் 13வது திருத்தம் நிறைவேறியது. அடிமை முறையும் கட்டாய ஊழியமும் இந்த நாட்டில் இருக்கக்கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கு: முறைப்படி குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவருக்குத் தண்டனையாக அது இருக்கலாம். இதைப் பெரிய சதியாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடமேற்கு நிலப்பகுதிகளுக்காக 1787-இல் இயற்றிய சட்டத்தில் இருந்த வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்தில் சிறை என்றாலே கடின உழைப்புதான். எழுதியவர்களின் உள்நோக்கத்தைத் தேடிப் பயனில்லை. அந்த விலக்கை வாசலாகப் பார்த்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

மிசிசிப்பி மாநிலம் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 1865 நவம்பரிலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டங்களை இயற்றியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், தனக்கு வேலையும் இருப்பிடமும் உண்டு என்று எழுத்தில் காட்ட வேண்டும். வேலையில்லாதவர் 'திரிபவர்' ஆகிவிடுவார், அது குற்றம். அபராதத்தை ஐந்து நாளில் கட்டாவிட்டால், யார் கட்ட முன்வருகிறாரோ அவரிடம் ஷெரிஃப் ஆளை வேலைக்கு விட்டுவிடுவார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போனவரை யார் வேண்டுமானாலும் பிடித்துவந்து ஒப்படைக்கலாம். பிடித்து வந்தவருக்கு ஐந்து டாலர், தூரத்துக்கு மைலுக்குப் பத்து சென்ட். இந்தச் சொற்பொழிவின் தலைப்பை நான் கற்பனை செய்யவில்லை. அது சட்டத்திலேயே விலையோடு எழுதப்பட்டிருந்தது.

வாஷிங்டன் அரசு தலையிட்டு இந்த வெளிப்படையான சட்டங்களை நீக்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கில் இருந்த வடக்கத்திப் படைகள் விலகிப்போகிற காலத்தில் அவை வேறு உடுப்பில் திரும்பி வந்தன. இந்தமுறை சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1876-இல் மிசிசிப்பி 'பன்றிச் சட்டம்' என்று மக்கள் அழைத்த ஒன்றைக் கொண்டுவந்தது. பத்து டாலருக்கு மேற்பட்ட எந்தப் பொருளைத் திருடினாலும், மாடு பன்றி எதைத் திருடினாலும் அது பெருந்திருட்டு. ஐந்து ஆண்டுவரை சிறை. சில ஆண்டுகளுக்குள் அந்த மாநிலத்தில் கைதிகளின் தொகை ஏறத்தாழ நான்கு மடங்கானது. மக்கள் திடீரென்று நான்கு மடங்கு திருடத் தொடங்கினார்களா? திருட்டின் அளவுகோல் குறைந்தது, கைதியின் சந்தை மதிப்பு கூடியது. அவ்வளவுதான் நடந்தது.

உள்நாட்டுப் போருக்கு முன் தெற்கத்திச் சிறைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிமையைத் தண்டிப்பது எசமானின் வேலை. அதற்கு அரசுச் சிறை தேவைப்படவில்லை. ஒரு தலைமுறைக்குள் அதே சிறைகளில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள்.

இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று ஒரே ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். கிரீன் காட்டன்ஹாம். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் பிள்ளை. 1908 மார்ச் 30 அன்று அலபாமாவில் ஷெல்பி கவுண்டி என்ற மாவட்டத்தில் ஷெரிஃப் அவரைப் பிடித்தார். குற்றம்: வேலையின்றித் திரிந்தது. தண்டனை 30 நாள் கடின உழைப்பு. இதுவரை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழக்குக்குச் செலவு உண்டல்லவா? பிடித்த ஷெரிஃபுக்கு, துணை ஆட்களுக்கு, நீதிமன்ற எழுத்தருக்கு, சாட்சிக்கு என்று ஒவ்வொருவருக்கும் கட்டணம். அதைக் கட்ட வேண்டியவர் தண்டனை பெற்றவர். கட்டப் பணமில்லை என்றால் அதற்கும் உழைக்க வேண்டும். முப்பது நாள் ஏறத்தாழ ஓராண்டு ஆனது. கவுண்டி அவரை மாதம் 12 டாலருக்கு ஒரு நிலக்கரி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அது அதற்கு முந்தைய ஆண்டில்தான் யு.எஸ். ஸ்டீல் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பர்மிங்காம் அருகே பிராட் சுரங்கத்தில் இறக்கப்பட்ட அந்த இளைஞர் ஆகஸ்டில் நோய் கண்டு இறந்தார். முப்பது நாள் தண்டனை பெற்றவர், ஐந்து மாதத்தில் பிணம். டக்ளஸ் பிளாக்மன் என்ற பத்திரிகையாளர் இவருடைய கதையை நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து தேடி எடுத்து 2008-இல் ஒரு நூலாக்கினார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இங்கே கவனியுங்கள். ஷெரிஃபுக்குச் சம்பளத்தைவிடக் கட்டணம் முக்கியம். பிடிக்கப் பிடிக்க வருமானம். கவுண்டிக்கு மாத வாடகை. மாநிலத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு: 1898-இல் அலபாமா அரசின் மொத்த வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு கைதிக் குத்தகையிலிருந்து வந்ததாகக் கணக்கு. கருவூலம் கைதிகளால் நிரம்பும்போது, கைது குறைய வேண்டும் என்று எந்த அமைச்சர் விரும்புவார்? பருத்தி பறிக்கும் பருவம் நெருங்கும்போதும் சுரங்கங்களுக்கு ஆள் தட்டுப்படும்போதும் கைதுகள் கூடின என்பதை பிளாக்மன் எடுத்துக்காட்டுகிறார். குற்றத்துக்குப் பருவம் உண்டா என்று தெரியாது. வேலைக்கு உண்டு.

இதில் ஒரு கொடுமை, பழைய அடிமை முறையில்கூட இல்லாதது. அடிமை விலை கொடுத்து வாங்கிய சொத்து; செத்தால் எசமானுக்கு நட்டம். குத்தகைக் கைதி செத்தால் நட்டம் எவருக்கும் இல்லை, இன்னோர் ஆள் வரும். 1883-இல் நடந்த ஒரு சிறைச் சீர்திருத்த மாநாட்டில் தெற்கத்திப் பிரதிநிதி ஒருவரே இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 1911 ஏப்ரல் 8 அன்று அலபாமாவின் பேனர் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது 128 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குத்தகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதிகள். பலர் அற்பக் குற்றங்களுக்காகச் சில வாரத் தண்டனை பெற்றவர்கள். அதற்குப் பிறகும் அலபாமா பதினேழு ஆண்டுகள் இந்த முறையை விடவில்லை. 1928-இல்தான், மற்ற மாநிலங்களெல்லாம் கைவிட்ட பின், கடைசியாக நிறுத்தியது.

புளோரிடாவில் இது முடிந்த கதை வேறு விதம். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த மார்ட்டின் டேபர்ட் என்ற 22 வயது இளைஞர் 1921 டிசம்பரில் பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் போனதற்காகப் பிடிபட்டார். 25 டாலர் அபராதம் அல்லது 90 நாள். வீட்டுக்குத் தகவல் போய், பெற்றோர் பணத்தை அனுப்பினார்கள். அதற்குள் ஷெரிஃப் அவரை ஒரு மரம் வெட்டும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். பணம் திரும்பி வந்தது. அந்த ஷெரிஃபுக்கும் நிறுவனத்துக்கும் தலைக்கு 20 டாலர் என்று ஏற்பாடு. காட்டு முகாமில் காய்ச்சலோடு கிடந்த டேபர்ட்டை, சாட்டையடி கொடுப்பதற்கென்றே வைத்திருந்த மேஸ்திரி அடித்துத் துவைத்தார். 1922 பிப்ரவரியில் டேபர்ட் இறந்தார். நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை இதை நாடறியச் செய்தது, புலிட்சர் பரிசும் பெற்றது. 1923-இல் புளோரிடா கவுண்டிக் கைதிகளைக் குத்தகைக்கு விடுவதையும் சாட்டையடியையும் தடை செய்தது. டேபர்ட் வெள்ளையர். அதே முகாம்களில் அரை நூற்றாண்டாக அடிபட்டுச் செத்த கறுப்பினத்தவரின் பெயர்களுக்காக எந்தச் சட்டமன்றமும் கூடவில்லை. இதற்கு மேல் நான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விடுதலைக்குப் பின் பிறந்த முதல் தலைமுறை வளர்ந்து ஆளான காலத்தில் எடுக்கப்பட்டது. நாட்டில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு 12. சிறையில் ஏறத்தாழ 30. இந்த இரண்டு எண்களையும் கையில் எடுத்துக்கொண்டு 1896-இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் ஒரு புத்தகம் எழுதினார். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர். சுதந்திரம் கிடைத்தும் இவர்கள் சீரழிகிறார்கள், இது இனத்தின் குணம் என்பது அவருடைய முடிவு. தான் வெளிநாட்டுக்காரர், ஆகவே பாரபட்சம் இல்லாதவர் என்றும் சொல்லிக்கொண்டார். ஐரோப்பியக் குடியேறிகளிடையே குற்றம் பெருகினால் அதற்கு வறுமை காரணம், நகர வாழ்க்கை காரணம். கறுப்பினத்தவர் என்றால் ரத்தம் காரணம். கலீல் ஜிப்ரான் முகம்மது என்ற வரலாற்றாசிரியர் 2010-இல் வெளியிட்ட நூலில் இந்த இரட்டை அளவுகோலை நூல்பிடித்து விளக்குகிறார்.

மறுத்துப் பேச அப்போதே ஆள் இருந்தார்கள் என்பது முக்கியம். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் வெளியிட்ட துண்டுநூலில் கைதிக் குத்தகை பற்றித் தனிக் கட்டுரையே இருந்தது. டு பாய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் ஹாஃப்மனின் புத்தகத்தை விமர்சித்து எழுதினார். 1901-இல் கைதிக் குத்தகை அடிமை முறையின் வாரிசு என்று வாதிட்டார். ஆனால் காப்பீட்டு நிறுவனங்களும் அரசாங்கங்களும் படித்தது ஹாஃப்மனை. ஷெரிஃப் கட்டணத்துக்காகப் பிடித்த ஆள், சுரங்கத்துக்குத் தேவைப்பட்ட ஆள், பன்றி திருடிய ஆள் எல்லாரும் அந்த 30-க்குள் அடங்கியிருந்தார்கள். அந்த எண் வெளியே வரும்போது இனத்தின் குணமாக மாறியிருந்தது.

இது நமக்குப் புதிதில்லை. 1871-இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றப்பட்ட பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு நாடுகளின் வரலாறும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காவல்துறைப் பதிவேடு ஒரு சாதியின் குணச்சான்றாக எப்படி மாறும் என்று தமிழருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை என்கிறேன்.

பழைய கதையை ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். 2014-இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கஸன் என்ற சிற்றூரில் மைக்கேல் பிரௌன் என்ற இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். நீதித்துறை அமைச்சகம் அந்த ஊர்க் காவல்துறையை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 21,000 பேர் வாழும் ஊர். நகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் அபராத வருவாயைக் கூட்டச் சொல்லிக் காவல்துறைத் தலைவருக்கு அழுத்தம் கொடுத்துவந்தது. மக்கள்தொகையில் 67 விழுக்காடு கறுப்பினத்தவர். கைதானவர்களில் 93 விழுக்காடு. அவர்களுடைய வண்டிகளை நிறுத்திச் சோதனையிடும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் தடைசெய்யப்பட்ட பொருள் அவர்களிடம் கிடைத்தது வெள்ளையரிடம் கிடைத்ததைவிடக் குறைவு. ஒரு பெண்மணி 2007-இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினார். 151 டாலரும் கட்டணமும். கட்ட முடியாமலும் நீதிமன்றத்துக்கு வரத் தவறியும் அபராதத்தின் மேல் அபராதம் ஏறியது. ஆறு நாள் சிறையில் இருந்தார். ஏழு ஆண்டுகளில் 550 டாலர் கட்டிவிட்ட பிறகும் 541 டாலர் பாக்கி இருந்தது. ஷெல்பி கவுண்டிக் கணக்குப்பிள்ளை இதைப் பார்த்தால் கணக்குச் சரிதான் என்பார்.

இப்போது என் பக்கத்து நண்பர்களோடு கொஞ்சம் சண்டை. இன்றைய அமெரிக்கச் சிறை முழுவதும் மலிவுக் கூலிக்காகவே கட்டப்பட்டது, அடிமை முறைதான் பெயர் மாறி நிற்கிறது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். உணர்ச்சிக்கு நல்லது, உண்மைக்கு அவ்வளவு நல்லதில்லை. தனியார் சிறைகளில் இருப்போர் கைதிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்றைய கைதிகளில் வேலை செய்வோர் பெரும்பாலும் சிறைக்குள்ளேயே சமைப்பதும் துவைப்பதும் பெருக்குவதுமாக இருக்கிறார்கள். அலபாமாவுக்கு 1898-இல் சிறை வருமானம். இன்றைய மாநிலங்களுக்கு அது பெருஞ்செலவு. மாநிலச் சிறைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வன்முறைக் குற்றங்களுக்காக இருப்பவர்கள். ஜேம்ஸ் ஃபோர்மன் என்ற சட்டப் பேராசிரியர், வாஷிங்டனில் ஏழைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர், குடிமை உரிமைப் போராட்டத் தலைவரின் மகன். அவர் 2017-இல் எழுதிய நூலில், ஹெராயினும் துப்பாக்கியும் தெருவை நாசமாக்கியபோது கடும் தண்டனை கேட்டவர்களில் கறுப்பின நகரமன்ற உறுப்பினர்களும் காவலர்களும் வாக்காளர்களும் இருந்தார்கள் என்று காட்டுகிறார். அவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கொலையுண்டு சாகிறவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பினத்தவர். அந்தத் தாய்மார்களிடம் போய்க் குற்றம் என்பதே கட்டுக்கதை என்று சொல்லிப் பாருங்கள்.

ஜில் லியோவி என்ற பத்திரிகையாளர் லாஸ் ஏஞ்சலஸ் கொலை வழக்குகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2015-இல் எழுதிய நூலில் ஒரு விஷயத்தைப் பிடிக்கிறார். சில்லறைத் தப்புக்கு இளைஞர்களை மறித்து மறித்துச் சோதிக்கும் அதே பகுதியில், கொலை செய்தவர் பிடிபடாமல் போகிறார். தொல்லைக்குப் போலீஸ் உண்டு, பாதுகாப்புக்குப் போலீஸ் இல்லை. ஃபெர்கஸனையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் முரண்படவில்லை. அபராதம் வசூலிப்பதற்கு வருமானம் உண்டு. கொலையைத் துப்புத்துலக்குவதற்குச் செலவுதான் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டாமவருடைய பேச்சுக்குச் சுருக்கமாகப் பதில். இன்றைக்கும் உலகில் அடிமைத்தனம் இருக்கிறது என்பது உண்மை. கட்டாய உழைப்பில் மட்டும் 2021-இல் 2 கோடியே 76 லட்சம் பேர் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. அதில் 39 லட்சம் பேரைக் கட்டாயப்படுத்துவது அரசுகளே. அந்த அமைப்பின் 1930 ஒப்பந்தம், தண்டனைக் கைதியின் உழைப்பை விலக்கிவைத்தபோதும், அவரைத் தனியாருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. அமெரிக்கா இன்றுவரை அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஆக, நவீன அடிமைத்தனத்தைப் பேசுங்கள் என்று சொல்பவர் பேச்சை மாற்றப் பார்த்தாலும், சுற்றிச் சுற்றி நாம் இதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

மாநில அரசியலமைப்புகளிலிருந்து, தண்டனையாக அடிமை முறை இருக்கலாம் என்ற அந்த விலக்கை எடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2018-இல் கொலராடோ மக்கள் தங்கள் மாநில அரசியலமைப்பிலிருந்து அதை வாக்களித்து நீக்கினார்கள். 2022-இல் அலபாமா, ஓரிகன், டென்னசி, வெர்மாண்ட் நீக்கின, லூசியானாவில் தோற்றது. 2024-இல் நெவாடா நீக்கியது. முற்போக்கு மாநிலம் என்று பெயரெடுத்த கலிஃபோர்னியா அதே நாளில் மறுத்துவிட்டது. வாசகத்தை நீக்கினால் போதுமா என்றால், அலபாமாவைப் பாருங்கள். 2023 டிசம்பரில் அங்குள்ள கைதிகள் வழக்குத் தொடுத்தார்கள். துரித உணவகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தங்களை வேலைக்கு அனுப்புகிறார்கள், வெளியே போய் வேலை செய்யும் அளவுக்கு நம்பகமானவர்களுக்குப் பரோல் மட்டும் மறுக்கப்படுகிறது, வேலைக்குப் போக மறுத்தால் தண்டிக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வழக்கின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். அந்தக் கைதிகள் சம்பாதிக்கும் கூலியில் நூற்றுக்கு 40 பங்கைச் சிறைத்துறை பிடித்துக்கொள்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் தகராறு இல்லை.